மூன்று புள்ளி, ஒரு கோடு

போன மாதம் ஒரு நாள் காலையில் நிவேதாவிடமிருந்து போன் வந்தது. ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்து சேர்ந்தவள் என்பதால் நேரில் அதிகம் பார்த்ததில்லை.

"மேடம், ஒரு டவுட்டு. நம்ம வெப் சர்வர நீ யாருன்னு கேட்டா மூணு புள்ளி, ஒரு கோடுன்னு பதில் வருது. திரும்பக் கேட்டா கோடு முன்னாடி, புள்ளி பின்னாடி வருது. வைரஸா மேடம்?"

"வைரஸ் இல்லம்மா. நான்தான்," என்றேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தை நாம் கேட்டால், வெப் சர்வர் அந்தப் பக்கத்துக்கு முன்னால் சில வரிகளைச் சேர்த்து அனுப்பும். அதற்கு ஹெடர் என்று பெயர். படிப்பவர் கண்ணில் அது படாது, பிரவுசர் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த வரிகளில் ஒன்றில் சர்வர் தன் பெயரைச் சொல்லும். எங்கள் சர்வருக்கு அந்த வரியில் நிஜப் பெயர் கிடையாது. நான் வைத்த பெயர்தான் இருந்தது.

எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றப் போகிறார்களாம். "அந்த லைன் எதுக்குன்னு தெரிஞ்சா அங்கயும் வெக்கலாம் மேடம், இல்லன்னா தூக்கிடலாம்," என்றாள் நிவேதா. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என் குரல் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. காட்பாடியில் தண்டவாளத்தை ஒட்டிய இந்த வீட்டில், பால்காரரிடம் பேசுவதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும் நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பி.காம். முடித்துவிட்டு எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் பேக்கிங் லிஸ்ட் டைப் அடிக்கச் சேர்ந்தேன். கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தது. செக்‌ஷன் மேனேஜர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எமிலி, உனக்குத்தான் கல்யாணம் ஆகல. லேட்டா போனா வீட்ல கேக்க ஆள் இல்ல," என்றார். என் தகுதி அவ்வளவுதான். பிறகு சென்னையில் ஒரு கோர்ஸ், தடியான இரண்டு புத்தகங்கள், நிறையத் தப்புகள் என்று எப்படியோ கற்றுக்கொண்டேன். சர்வர் என்று ஒன்று வந்தபோது அதுவும் என் தலையில்தான் விழுந்தது.

சாம்பிள் ரூமுக்குப் பின்னால் இருந்த பழைய ஸ்டோரை சர்வர் ரூம் ஆக்கினார்கள். தோல் தூசி மெஷினுக்குள் போகக் கூடாது என்பதால் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வர வேண்டும் என்பது கட்டளை. ஊருக்கெல்லாம் ஷூ தைக்கிற கம்பெனியில் வெறுங்காலோடு வேலை பார்த்தவள் நான் ஒருத்திதான். கதவுக்கு வெளியே எப்போதும் என் செருப்பு மட்டும் கிடக்கும். இன்னொரு ஜோடி கிடந்தால் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் நன்றாக நடக்கும் நாளில் சர்வர் பார்க்கிறவளை யாரும் தேடி வர மாட்டார்கள்.

அதனால் எனக்கு நாள் என்பது ரயிலில் மட்டும்தான் இருந்தது. காட்பாடியில் ஜோலார்பேட்டை பாசஞ்சரில் ஏறி, மூன்றாவது பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் என் பையை வைப்பேன். அது வசந்தாவின் இடம். எங்கள் கம்பெனியிலேயே கட்டிங் செக்‌ஷனில் வேலை, என்னைவிடப் பல வயது சின்னவள். குடியாத்தத்தில் ஏறுவாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, நமஸ்காரம் குட்மார்னிங் எதுவும் இல்லாமல், "பைய எடுக்கா," என்பாள். அதுதான் எனக்கு அன்றைக்கு யாரோ சொல்லும் முதல் வார்த்தை.

அங்கிருந்து ஆம்பூர் வரைக்கும் அவள் வாய் ஓயாது. மாமியார் ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்றது, பெரியவள் கணக்கில் மார்க் கம்மி வாங்கியது, வீட்டுக்காரர் வண்டி விற்று வண்டி வாங்கியது எல்லாம் எனக்கு அத்துப்படி. டப்பாவில் எனக்கும் சேர்த்துத் துவையல் கொண்டுவருவாள். "தனியா இருக்கறவங்க ஒழுங்கா ஆக்கித் தின்ன மாட்டாங்க," என்பது அவள் தீர்மானம். "உன் மிஷினு எப்பிடி இருக்குது?" என்று என் வேலையையும் தினமும் விசாரிப்பாள். நல்லா இருக்குது என்பேன். மெஷினைப் பற்றி அதற்கு மேல் அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இனி ஃபயாஸ் சார். எங்கள் ஜெனரல் மேனேஜர். மூன்று தலைமுறையாகத் தோல் பதனிடும் ஷாப்பு நடத்திய குடும்பம். சர்வர் ரூமுக்கு வந்தால் ஷூவைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து, நுனி வெளியே பார்க்கும்படி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்வதை முழுசாகக் கேட்பார். ஒரே ஒரு கேள்வி கேட்பார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு முடிவு சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அதே மாதிரி, ஏன் என்று அவர் விளக்கியும் யாரும் கேட்டதில்லை. ஒரு தடவை நான் தைரியமாகக் கேட்டுவிட்டேன். "காரணம் சொன்னா அதுக்கு ஒரு கேள்வி வரும்மா. கேள்விக்குப் பதில் சொன்னா வேலை நின்னுடும்," என்றார். நல்ல மனுஷன். ஆனால் அவர் மனதில் இருப்பதைத் தெரிந்துகொள்ள ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் எங்கள் வெப்சைட்டைப் பரிசோதிக்கச் சொல்லி ஒரு ஆடிட் கம்பெனியை ஏவினார். அவர்கள் அனுப்பிய குறைகளில் ஒன்று, 'உங்கள் சர்வர் தன் பெயரையும் பதிப்பையும் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறது' என்பது. எந்தப் பூட்டு என்று தெரிந்தால் திருடனுக்குச் சாவி தேடுவது சுலபம். மாற்றாவிட்டால் அந்த பையரின் ஆர்டர் எங்கள் சைட்டில் ஏறாது.

அப்போது எங்களிடம் இரண்டு சர்வர்கள் இருந்தன. ஒன்று ஆம்பூரில், இன்னொன்று பேர்ணாம்பட்டு யூனிட்டில். வெளியே பார்ப்பவருக்கு ஒரே விலாசம்தான். வரும் கேள்விகளை இரண்டும் மாறி மாறி வாங்கிப் பதில் சொல்லும். ஒன்று படுத்துக்கொண்டால் மற்றது பார்த்துக்கொள்ளும். பையர்கள் ஆர்டர் பார்ப்பதும் இதில்தான், எங்கள் கட்டிங் ஆட்கள் எந்த ஆர்டருக்கு என்ன தோல், என்ன நிறம் என்று பார்த்து வெட்டுவதும் இதில்தான்.

பெயரை மாற்றுவது கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் வெப் சர்வரில் பெயரை எவ்வளவு சொல்லலாம் என்று ஒரு வரி உண்டு. அதைக் குறைத்தால் பதிப்பு மறையும், பெயர் மறையாது. பெயரையே மாற்ற வேண்டுமானால் பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு மாட்யூல் போட வேண்டும். அந்த மாட்யூல், சர்வரின் நிஜப் பெயர் நினைவகத்தில் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறதோ அதே இடத்துக்குள்தான் நாம் வைக்கும் பெயரை எழுதும். ஆகவே மறைப்பதற்கு முன்னால், 'உன் பெயர், பதிப்பு, ஊர், உறவு எல்லாவற்றையும் முழுசாகச் சொல்' என்று சர்வருக்கு உத்தரவு போட வேண்டும். அப்போதுதான் இடம் போதும். நான் இது தெரியாமல் முதலில் குறைத்துச் சொல்ல வைத்துவிட்டு, புதுப் பெயர் ஏன் ஏறவில்லை என்று ஒரு பகல் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சர்வரை நிறுத்திக் கிளப்பி, ஹெடரை மட்டும் கேட்கும் கட்டளையை அடித்துப் பார்க்க வேண்டும். பக்கம் வேண்டாம், நீ யார் என்று மட்டும் சொல் என்று கேட்கிற கட்டளை அது.

ஃபயாஸ் சார் வந்து, ஷூவைச் சேர்த்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் கேட்டார்.

"பேரச் சொல்லக் கூடாதுன்னா, பின்ன இன்னா சொல்லும்?" இதுதான் அவருடைய ஒரு கேள்வி.

நான் ஒரு தாளில் மூன்று புள்ளி வைத்துப் பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். கீழே ஒரு கோடு போட்டு மூன்று புள்ளி வைத்தேன். முதலாவது ஆம்பூர், இரண்டாவது பேர்ணாம்பட்டு.

அவர் தாளைக் கையில் எடுத்தார். "அட, குறியா!" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

கூலிக்குப் பதனிடும் தோல் ஷாப்புகளில் பல பேருடைய தோல் ஒரே டிரம்மில் ஓடும். மையில் எழுதினால் சுண்ணாம்பில் போய்விடும். அதனால் உள்ளே போடும் முன்பே ஒவ்வொரு தோலின் ஓரத்திலும் ஓட்டை போட்டோ கீறியோ சொந்தக்காரரின் குறியைப் பதிப்பார்கள். எத்தனை நாள் ஊறினாலும், என்ன நிறம் ஏறினாலும், வெளியே வரும்போது குறியைப் பார்த்து யாருடையது என்று பிரித்துவிடலாம். என் அப்பாவுக்கு அந்த வேலைதான். எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் குறி போடுவார், என் ஸ்கூல் பை உட்பட. சர்வரின் நிஜப் பெயரும் தெரியக் கூடாது, எந்த மெஷின் என்று எனக்கு மட்டும் தெரியவும் வேண்டும் என்றபோது வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"போட்டுடும்மா," என்றார் சார். அடுத்த ஆடிட் ரிப்போர்ட்டில் எங்கள் சர்வருக்கு நேராக 'அடையாளம் தெரியவில்லை' என்று வந்தது. பாஸ்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. ஒரு நாள் மதியம் என் கதவுக்கு வெளியே இன்னொரு ஜோடி செருப்பு சத்தம் கேட்டது. வசந்தா. அந்த அறைக்கு அவள் வந்தது அதுவே முதல் தடவை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

பெரிய ஆர்டர் ஒன்றுக்கு பையர் நிறத்தை மாற்றியிருந்தார். இளம்பழுப்பான டேன் வேண்டாம், டார்க் பிரவுன் என்று முந்தின நாள் சாயங்காலமே சைட்டில் ஏற்றியாகிவிட்டது. அன்று காலை ஷிப்ட் ஆரம்பித்ததும் ஸ்கிரீனைப் பார்த்து, டேன் தோலை எடுத்து மேஜை மேஜையாக வெட்டக் கொடுத்துவிட்டாள் வசந்தா. துணியானால் கூட எதற்காவது ஆகும். வெட்டின தோல் வெட்டினதுதான். கட்டிங் மேனேஜர் தன் அறையில் திறந்து பார்க்கிறார், டார்க் பிரவுன் என்றுதான் இருக்கிறது. பார்க்காமலேயே வெட்டக் கொடுத்துவிட்டுப் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டி, வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டில் இருந்தார்கள்.

"அக்கா, நான் பாத்தது டேன்தான். என் புள்ளைங்க மேல சத்தியம். உன் மிஷினுதான் அப்பிடிக் காமிச்சுது. நான் பொய் சொல்லல," என்று அழுதாள்.

"போ. நான் பாக்கறேன்," என்றேன். கையைப் பிடித்து இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அதெல்லாம் சட்டென்று வராது.

கட்டிங் செக்‌ஷன் கம்ப்யூட்டரைக் காலைக்குப் பிறகு யாரும் தொடவில்லை. பிரவுசர் ஒரு பக்கத்தைத் தன்னிடம் எடுத்து வைக்கும்போது ஹெடரையும் சேர்த்தே எடுத்து வைக்கும். அந்தச் சேமிப்பைத் திறந்தேன். அந்த ஆர்டரின் பக்கம் இருந்தது. நிறம், டேன். மேலே சர்வர் வரியைப் பார்த்தேன். கோடு முன்னால், மூன்று புள்ளி பின்னால்.

பேர்ணாம்பட்டுக்குப் போன் போட்டேன். முந்தின நாள் சாயங்கால இடி மழையிலேயே அவர்களுக்கு ஆம்பூர் லைன் போய்விட்டதாம், காலையில் வெகுநேரம் கழித்துத்தான் ஆம்பூர் மெஷினோடு பேச முடிந்ததாம். நிறம் மாறிய விஷயம் அதுவரைக்கும் அந்த மெஷினுக்குப் போகவில்லை. வெளியே பதில் சொல்லும் லைன் வேறு என்பதால், அது தன்னிடம் இருந்த பழைய பக்கத்தையே கேட்டவருக்கெல்லாம் கொடுத்திருக்கிறது. வசந்தா கேட்ட நேரம் அதன் முறை. மேனேஜர் திறந்து பார்ப்பதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது.

லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு ஃபயாஸ் சார் அறைக்குப் போனேன். வெளியே பெஞ்சில் வசந்தா. உள்ளே மேனேஜரும் ஆபீஸ்காரர் ஒருவரும்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா," என்றார் மேனேஜர்.

"பொய் சொல்லாது சார். பழசச் சொல்லும்," என்றேன்.

ஃபயாஸ் சார் குனிந்து ஸ்கிரீனைப் பார்த்தார். நான் விளக்க ஆரம்பிக்கும் முன்பே, "இது பேர்ணாம்பட்டுத் தோலு," என்றார். மற்ற இருவரும் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். சார் கண்ணாடியைத் துடைத்தார். எழுந்து போய்க் கதவைத் திறந்தார். "போம்மா. போய் வேலையப் பாரு," என்று வெளியே பார்த்துச் சொன்னார். மேனேஜர் ஏதோ கேட்க வாயெடுத்தார். சார் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் விசாரணை.

நான் பேர்ணாம்பட்டு மெஷினைச் சரி பார்க்க ஓடினேன். அன்று சாயங்கால ரயிலைப் பிடிக்க முடியவில்லை. மறுநாள் காலை வழக்கம்போலப் பக்கத்தில் பையை வைத்துக்கொண்டேன். குடியாத்தம் வந்தது. என் ஜன்னலைத் தாண்டி, தலையைக் குனிந்துகொண்டு, வசந்தா பின்பக்கப் பெட்டிகளை நோக்கி நடந்து போனாள். கூப்பிட்டேன். சத்தத்தில் கேட்கவில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மறுநாளும் அப்படித்தான். கம்பெனியில் எதிரே வந்தால் வேறு பக்கம் போனாள். எனக்குப் புரிந்தது என்று நினைத்தேன். என் மெஷின் காட்டியதை நம்பி வெட்டியதால்தானே பத்துப் பேர் முன்னால் திருடி மாதிரி பெஞ்சில் உட்கார வேண்டி வந்தது. கோபம் இருக்கத்தானே செய்யும். ஆறட்டும் என்று காத்திருந்தேன். எத்தனையோ வாரம் பையை வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் காலேஜ் பையன் ஒருவன், "ஆன்ட்டி, இங்க யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டான். "இல்லப்பா," என்று பையை எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் அதே ரயிலில் போய் வந்தேன். ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, போட்டோ எடுத்தார்கள். வசந்தா கடைசி வரிசையில் நின்றாள். போட்டோவில் பாதி முகம்தான் தெரிகிறது.

இப்போதும் தினம் காலையில் காபி குடித்த பிறகு, வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டளையை அடிப்பேன். நீ யார்? மூன்று புள்ளி, ஒரு கோடு. இன்னொரு தடவை கேட்பேன். கோடு, மூன்று புள்ளி. இரண்டும் உயிரோடு இருக்கின்றன என்று மூடி வைப்பேன். இது வேலை இல்லை என்று எனக்கே தெரியும். கேட்டால் பதில் சொல்கிறது, அதற்காகத்தான்.

நிவேதா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். எந்த மெஷின் பேசுகிறது என்று தெரிவதற்காக வைத்தது. கிளவுடில் அதற்கு வேறு வழிகள் உண்டு. தூக்கிவிடலாம்.

இதுவரைக்கும் எழுதி அவளுக்கு அனுப்பிவிட்டேன். கட்டுரையை இங்கேயே முடித்திருந்தேன். மூன்றாம் நாள் நிவேதா மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"மேடம், நீங்க எழுதுனத கேன்டீன்ல வசந்தாக்காவுக்குப் படிச்சுக் காமிச்சேன். அவங்களுக்கு சந்தோசமா இருக்கும்னுதான். அப்பிடியே உக்காந்துட்டாங்க மேடம். அவங்களுக்குத் தெரியாதாம்."

"இன்னா தெரியாதாம்?"

"எதுவுமே தெரியாதாம். அவங்க பாத்தது சரின்னே யாரும் சொல்லலியாம். சார் பாவம் பாத்து மன்னிச்சு விட்டாருன்னுதான் இத்தினி வருசமா நெனச்சிருந்தாங்களாம்."

ஃபயாஸ் சார் காலமாகி வருடங்கள் ஆகின்றன. காரணம் சொன்னால் கேள்வி வரும் என்ற மனிதர், அன்றைக்கும் காரணம் சொல்லவில்லை. அவர் சொல்லியிருப்பார் என்று நான் இருந்துவிட்டேன்.

"ரெண்டு தடவ இன்சார்ஜ் போஸ்ட் வந்துச்சாம் மேடம், வேணாம்னுட்டாங்களாம். தப்பு பண்ணவளுக்கு எதுக்குன்னு. கண்ணு பொய் சொல்லுதோன்னு தன்மேலயே சந்தேகமாம், இன்னிக்கும் ஸ்கிரீனப் பாத்தா பக்கத்துல ஒரு ஆளக் கூப்ட்டு இன்னொரு தடவ படிக்கச் சொல்லுவாங்க. நாங்கல்லாம் அவங்களக் கிண்டல் பண்ணியிருக்கோம்."

"ரயிலுல ஏன் என்கூட வரலன்னு சொன்னாளா?" என்று கேட்டேன்.

"உங்க மூஞ்சில முழிக்க வெக்கமாம் மேடம். என் தப்புக்கு எமிலிக்கா மிஷினு மேல பழி போட்டுட்டேனேன்னு."

நான் அவள் கோபமாக இருக்கிறாள் என்றும், அவள் என் மேல் பழி போட்டுவிட்டோம் என்றும் நினைத்துக்கொண்டு, ஒரே ரயிலில் இத்தனை வருடம் தனித்தனியாகப் போய் வந்திருக்கிறோம். அழுகை வந்தது. நிவேதாவுக்குக் கேட்டிருக்கும், பரவாயில்லை.

"இப்போ எந்தப் பெட்டில வர்றா?" என்று கேட்டேன்.

"கடைசிப் பெட்டி மேடம். எப்பவும் அதுலதான்."

மறுநாள் காலை கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. காபியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுக் காட்பாடி ஸ்டேஷனுக்கு நடந்தேன். டிக்கெட் எடுத்து, பிளாட்பார்ம் முழுக்க நடந்து, கடைசிப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் பையை வைத்தேன். ஒரு அம்மா வந்து கேட்டார். "ஆள் வர்றாங்கம்மா," என்றேன்.

குடியாத்தம் வந்தது. ஏறுகிற கூட்டத்தில் முதலில் அவள் தெரியவில்லை. தலை நரைத்திருந்தது, உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. நடுவழியில் வந்தவள் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். ரயில் நகர ஆரம்பித்தது.

"நீ பாத்தது டேன்தான், வசந்தா," என்றேன்.

அவள் கண்ணை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"பைய எடுக்கா," என்றாள்.